போன ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்

மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், உன் மாப்பிள்ளையின் முழங்கால் தவிர. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? போன் அடித்தால் எப்போதும் அண்ணிதான் எடுக்கிறார்கள். "உங்க அண்ணன் வெளிய போயிருக்காங்க" என்கிறார்கள். அப்படி எங்கேதான் போகிறாய், செருப்புத் தேய? அதனால்தான் கடிதம். கடிதம் வந்தால் நீ வெளியே போயிருந்தாலும் மேஜை மேல் காத்துக்கொண்டு கிடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் போதகர் ஆகஸ்ட் கடைசி வரை விடுப்பில் போகிறார். கோடையில் அவர் போனதும் சபையைப் பூட்டிவிடுவது எங்கள் வழக்கம், உனக்குத் தெரியும். சாவியைச் செயலாளர் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய சபைக்குப் போவோம். போவோம் என்று பேர்தான். பாதிப் பேர் வீட்டிலேயே படுத்துக்கொள்வார்கள். போனவர்களில் போன வருஷம் நான்கு குடும்பம் திரும்பி வரவே இல்லை. அங்கே ஏசி இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது? இந்தக் கோடையும் பூட்டினோம் என்றால் மறுபடி திறக்க ஆள் இருக்காது அண்ணா.

கமிட்டியில் எழுந்து கேட்டேவிட்டேன். "கோடைன்னா ஆண்டவருக்கும் லீவா? சாவிய என்கிட்ட குடுங்க, நான் திறந்து வைக்கிறேன்." எங்கள் பொருளாளர் வெயில், மழை, நிழல் எதுவானாலும் குடையோடுதான் வருவார், குடைக்காரர் என்றே பெயர். அவர் நிதானமாக, "திறக்கலாம்மா. பிரசங்கம் யாரு பண்றது?" என்றார். "நான்தான்" என்று வாய் முந்திக்கொண்டது. மூளை பின்னால் நடந்து வந்தது.

ஜூலை வரை பார்ப்பார்களாம். ஆள் குறைந்தால் பூட்டு. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தெரியும். எல் போர்டு மாட்டிய வண்டியில் உட்கார்ந்து "பிரேக்கை மிதி, மிதி" என்று கத்தத் தெரியும். பிரசங்கம் எனக்கு எங்கே தெரியும்? நீ போதகராக இத்தனை வருஷம் செய்தவன். பழையதில் நாலைந்து அனுப்பு. வாசித்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

பதில் போடு. போடாவிட்டால் பெட்டியோடு உன் வாசலில் வந்து நிற்பேன்.

உன் தங்கை


மே 14

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே யாவரும் சுகம். மாப்பிள்ளையை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

கேட்டபடி நான்கு பிரசங்கங்கள் வைத்திருக்கிறேன். உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே. எழுதியதை எழுதியபடி வாசி. ஒரு சொல்லையும் மாற்றாதே. வேதத்தைக் கையாளுகிற இடத்தில் விளையாட்டு வேண்டாம்.

இங்கே ஆராதனைகள் ஒழுங்காக நடக்கின்றன. உதவிப் போதகர் நல்ல பையன், உழைக்கிறார். குளிரைப்போலவே இந்த ஊரில் வெயிலும் தாங்கவில்லை.

உன் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்


மே 26

அன்புள்ள, படுபாவி அண்ணனுக்கு,

நான் சுகம். மானம்தான் சுகமாக இல்லை.

"ஒரு சொல்லையும் மாற்றாதே" என்று எழுதினாயே. மாற்றவில்லை. முன்கூட்டிப் படித்துப் பார்க்கவும் இல்லை, அது என் தப்பு. காலையில் இரண்டு பேருக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சொல்லிக்கொடுத்துவிட்டு நேராக ஓடிவந்தேன். ஏறினேன். தொண்டையைக் கனைத்தேன். கணீரென்று ஆரம்பித்தேன்.

"பிரியமானவர்களே, இன்று காலை சவரம் செய்துகொண்டிருக்கையில், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஒரு கன்னம் நுரையோடு இருந்தது, மறு கன்னம் மழுமழுவென்று இருந்தது."

நுரை வரைக்கும் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்காருகிற எங்கள் ஃபேன் அத்தை, "அடியம்மா, உனக்குமா?" என்றாள். அவ்வளவுதான். குடைக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பாடகர் குழுவே கவிழ்ந்தது. உன் மாப்பிள்ளை மூட்டு வலியை மறந்து எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இறங்கவில்லை. "இது என் அண்ணன் எழுதினது. ஒரே ஒரு தடவை கார் எடுத்து, தன் சபை கேட்டையே இடிச்சுச் சாய்ச்சாரே, அதே அண்ணன்தான். சவரம் அவருக்கு, பாடம் நம்ம எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு மீதியைப் படித்து முடித்தேன். இரண்டு கன்னம் உள்ள மனுஷனைப் பற்றி நீ எழுதியிருந்தது நன்றாக இருந்தது அண்ணா. எல்லாரும் கவனித்தார்கள்.

அது போன வாரம். இந்த ஞாயிறு கூட்டம் கூடியிருக்கிறது. என்ன கூத்து நடக்கும் என்று பார்க்க வந்தவர்கள்தான், வரட்டும். எப்படி வந்தால் என்ன?

இன்னும் அனுப்பு. அண்ணியை விசாரித்ததாகச் சொல். நீ போனை எடு.

மானமிழந்த தங்கை


ஜூன் 5

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை அண்ணி வாசித்துக் காட்டினாள். இரண்டாம் முறை நானே வாசித்தேன்.

மாற்றாதே என்று சொன்னது என் தவறுதான். இனிச் சவரம் வருகிற இடத்தில் உன் புத்தியை உபயோகித்துக்கொள். கேட் விஷயத்தைச் சபையில் சொல்லியிருக்க வேண்டாம்.

வேறு நான்கு வைத்திருக்கிறேன். எங்கள் பாடகர் குழு கோடைக்குக் கலைந்திருக்கிறது. இங்கே எல்லாம் வழக்கம்போல். போன் என்றால் எனக்கு ஒவ்வாது, உனக்குத் தெரியாததா?

உன் ஆராதனை எப்படிப் போகிறது என்று விவரமாக எழுது. சின்ன விஷயமானாலும் எழுது.

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா? மெய்யாகக் கேட்கிறேன்.

விவரமாக எழுது என்றாய். கேள். கட்டடத்துக்குள் இட்டலிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல் வேகிறது. அதனால் வெயில் ஏறுமுன் பின்பக்கத்து மரத்தடியில் ஆராதனை வைக்கிறோம். பெஞ்சுகளை ஆண்கள் வெளியே தூக்கிப் போடுகிறார்கள். அவரவர் பெஞ்சில் அவரவர்தான் உட்கார வேண்டும் என்று உள்ளே இருந்த சட்டமெல்லாம் வெளியே வந்ததும் காற்றில் போய்விட்டது. ஃபேன் அத்தைக்கு மட்டும் காற்று வரும் பக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம். குடைக்காரரின் குடை முதல் முறையாகப் பிரயோஜனப்பட்டது, குழந்தைகள் ஐந்து பேர் அதற்குக் கீழே. விடுமுறை வேதாகம வகுப்புக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். சர்பத்துக்குத்தான் வருகிறார்கள், எனக்கென்ன? காணிக்கைப் பை பறக்காமல் இருக்க அதில் ஒரு கல் போடுகிறோம். பாட்டு தெரு முனை வரை கேட்கிறதாம். போன வருஷம் பாலம் தாண்டிப் போன குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டது.

இப்போது நான் கேட்கிறேன். நீ அனுப்பின எட்டையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஒன்றில், "கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கும் உங்களைப் பார்க்கையில்" என்று இருக்கிறது. நான் அதை வியர்வையில் நனைந்து விசிறிக்கொண்டிருந்த சனங்களிடம் வாசித்தேன். இன்னொன்றில் விரல் விறைக்கிறது. ஒன்றில் வாயிலிருந்து புகை வருகிறது. எல்லாம் குளிர்காலம், அல்லது அதற்கும் முன்னால். வசந்தத்தில் ஒன்றுமில்லை. இந்தக் கோடையில் ஒன்றுமில்லை. உன் கடிதத்தில் ஆராதனை நடக்கிறது, உதவிப் போதகர் உழைக்கிறார், பாடகர் குழு கலைகிறது. நீ என்ன செய்கிறாய் அண்ணா?

எனக்கு ஒன்றே ஒன்று போதும். போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்த பிரசங்கத்தை அனுப்பு.

காத்திருக்கும்,
தங்கை


ஜூலை 1

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். இந்தக் கடிதம் உன் அண்ணனுக்குத் தெரியாது.

நீ கேட்டதை அவர் அனுப்பவில்லை என்று கோபிக்காதே. அனுப்ப அப்படி ஒன்று இல்லை. இதற்கு மேல் நான் சொல்வது சரியில்லை, அவரே சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். சவரக் கதையை வாசித்த அன்று அவர் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

நீ எழுதுவதை நிறுத்திவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அண்ணி


ஜூலை 7

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் இல்லை. சுகமா என்று கேட்டால் சுகம் என்று எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

கம்பளி இல்லாத உன் பிரசங்கங்கள் தீர்ந்துபோயின. இந்த ஞாயிறு கையில் காகிதம் இல்லாமல் மரத்தடியில் நின்றேன். பிறகு, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண் என்னிடம் வண்டி கற்கிறாள். போன வாரம் சிக்னலில் பச்சை விழுந்ததும் க்ளட்ச்சை வெடுக்கென்று விட்டாள். வண்டி நின்றுபோயிற்று. பின்னால் பஸ், லாரி, எல்லாரும் ஹாரன். அவள் ஸ்டியரிங் மேல் தலையை வைத்து, "எனக்கு இது வராதுக்கா, நான் இறங்கிடறேன்" என்று அழுதாள். "நின்னா நின்னதுதான். இப்ப என்ன? சாவியத் திருப்பு. இதுக்காக யாரும் உன்ன வண்டிய விட்டு இறக்க மாட்டாங்க" என்றேன். அவள் ஓட்டினாள்.

அதைச் சொல்லிவிட்டு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே படுத்து, "போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்று அழுத தீர்க்கதரிசியைப் பற்றிச் சொன்னேன். வானத்திலிருந்து வந்த தூதன் அவரைத் திட்டவில்லை, உபதேசிக்கவில்லை. அடை சுட்டுக் கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்பவும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஃபேன் அத்தை அழுதாள். அவள் கல்யாண வீட்டிலும் அழுவாள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனால் குடைக்காரர் வந்து கையைப் பிடித்தார்.

அண்ணா, எங்கே நின்றுபோனாய்? சொல். ஹாரன் அடிக்க மாட்டேன்.

தங்கை


ஜூலை 18

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரியில் எங்கள் மரக்கடைக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாடகர் குழுவில் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவர், என்னுடைய நல்ல சிநேகிதர். ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்து, "ஐயா, நான் வீட்டுக்குப் போயிருவேனா?" என்று கேட்டார். "கண்டிப்பாப் போவீங்க. ஈஸ்டருக்கு நீங்கதான் பேஸ்" என்றேன். ஆண்டவர் எனக்குத் தனியாகச் சொல்லி அனுப்பியதுபோல் சொன்னேன். அவர் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விடியுமுன் போய்விட்டார்.

அடக்க ஆராதனை நடத்தினேன். அது புத்தகத்தில் இருக்கிறது, வாசித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு ஏறி, "ஆண்டவர் உங்களைக் கைவிட" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாக்கியம் முடியவில்லை. அவர்களுக்கு இதைச் சொல்ல நான் யார் என்று தோன்றியது. அப்படியே நின்றேன். யாரோ பாட்டை ஆரம்பித்து என்னைக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை ஏறிப் பார்த்தேன். தொண்டை அடைத்துக்கொள்கிறது. டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை என்கிறார். உதவிப் போதகர்தான் எல்லாம் செய்கிறார்.

செப்டம்பரில் என்னை அலுவலக வேலைக்கு மாற்றிவிடலாமா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். பிரசங்கம் இல்லாத வேலை. சரி என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட்டாய்.

அண்ணன்


ஜூலை 25

என் அன்பு அண்ணனுக்கு,

ராத்திரியெல்லாம் அழுதேன், காலையில் கோபம் வந்தது. இரண்டும் போன பிறகு எழுதுகிறேன்.

உன்னைப் பெரிய ஆளாக நான் எப்போது நினைத்தேன்? கேட்டை இடித்தபோதா? எனக்கு நீ அண்ணன், அவ்வளவுதான்.

அந்த மனுஷரிடம் நீ சொன்னது தப்பு. ஆசையில் சொன்ன தப்பு. என் வேலையில் இதை முதல் நாளே கற்றுக்கொண்டாக வேண்டும். ஏறி உட்காருகிற ஒவ்வொருவரும், "மேடம், இடிச்சுடுவேனா?" என்று கேட்பார்கள். "இடிக்கவே மாட்டீங்க" என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அது என் கையில் இல்லை. "நான் பக்கத்து சீட்ல இருக்கேன், என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு" என்று மட்டும் சொல்வேன். அது நிஜம். அதைச் சொன்னாலே அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். நீயும் இனி அதைச் சொல். வீட்டுக்குப் போவீர்கள் என்று சொல்லாதே, பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல். ஆண்டவரும் அதற்கு மேல் நமக்கு என்ன சொல்லியிருக்கிறார்?

இத்துடன் என் பிரசங்கம் ஒன்று இருக்கிறது. சிக்னல், சூரைச்செடி, பக்கத்து சீட்டு எல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறேன். உனக்குச் சொந்தமாகப் பேச வரவில்லை, சரி. வாசிக்க வருமே? அடக்க ஆராதனையை வாசித்தாயே? இதை எடுத்துக்கொண்டு ஏறு. சொந்தச் சரக்கைச் சேர்க்காதே. எழுதியதை எழுதியபடி வாசி. ஒரு சொல்லையும் மாற்றாதே. இது யார் போட்ட சட்டம் என்று உனக்குத் தெரியும்.

மேலிடத்துக்கு எதையும் எழுதிக்கொடுத்துவிடாதே.

அண்ணிக்கு என் முத்தம். உனக்கு ஏறிய பிறகு.

தங்கை


ஆகஸ்ட் 8

அண்ணனுக்கு,

தபால் அட்டை என்பதால் சுருக்கமாக. இங்கே சுகம். கமிட்டி கூடியது. பூட்ட வேண்டாம் என்று முடிவாயிற்று. முதலில் கை தூக்கினது குடைக்காரர்தான், குடையோடு சேர்த்துத் தூக்கினார். பாலம் தாண்டிப் போன நான்கு குடும்பத்தில் மூன்று திரும்பிவிட்டது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறுதான் என் கடைசி முறை.

உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 18

என் அன்புத் தங்கைக்கு,

நானும் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். இதை இந்த வருஷத்தில் முதல் முறையாக நிஜமாக எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி ஏறினேன். உதவிப் போதகரிடம் காலையில்தான் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. முன் வரிசையில் அந்த அம்மா இருந்தார். அவரைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்து, சட்டப்படி ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்தேன்.

"பிரியமானவர்களே, நான் பதினாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன்."

வேண்டுமென்றேதான் நீ அந்த வரியை முதலில் வைத்திருக்கிறாய், ராட்சசி. சபையார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். பின் வரிசையிலிருந்து எங்கள் மணியடிக்கிறவர், இடிந்த கேட்டுக்குத் தன் கையால் சிமெண்டு பூசியவர், மெதுவாகத்தான் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது. "ஆண்டவரே, கேட்டைக் காப்பாத்தும்!"

அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது தொண்டையில் ஒன்றும் இல்லை. மீதியை வாசித்தேன். பக்கத்து சீட்டு வந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "ஜனவரியில நான் உங்க வீட்டுக்காரர்கிட்ட எனக்குத் தெரியாததைச் சொல்லிட்டேம்மா. என்ன மன்னிச்சிருங்க." உன் சட்டத்தை அங்கே மட்டும் மீறினேன்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்க நின்றேன். அந்த அம்மா வந்தார். "நீங்க சொன்னது நடக்காதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்யா. நீங்க அவ்வளவு ஆசையாச் சொன்னீங்களேன்னு ரெண்டு பேரும் பேசாம இருந்தோம். அதுக்காக ஏழு மாசம் எங்களப் பட்டினி போடுவீங்களா?" என்றார். "அடுத்த வாரம் உங்க சொந்தச் சமையலாக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். நான் எங்கேயும் மாறவில்லை.

அந்த அம்மா சொன்னபடி அடுத்த வாரமும் ஏறினேன். வெயிலைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். நீ ஜூனில் ஒன்று கேட்டாய், தாமதமாக அனுப்புகிறேன். இத்துடன் இருப்பது போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த பிரசங்கம். உன் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதை மரத்தடியில் வாசி. இரண்டாம் பக்கத்தில் நான் சவரம் செய்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றாதே.

மாப்பிள்ளைக்கும் குடைக்காரருக்கும் ஃபேன் அத்தைக்கும் என் வாழ்த்து. சாயங்காலம் போன் அடி. நான்தான் எடுப்பேன்.

அண்ணன்